பழைய 1060 கிராஃபிக்ஸ் காட்டில பட்டில்ஃபீல்ட் 6 கேம் ஓடுமோ? வேண்ட முதல் எப்பிடிப் பாக்கிறது?

கொக்குவில்_குட்டி:
வணக்கம் அண்ணாமார், அக்காமார். பட்டில்ஃபீல்ட் 6 வேண்டுறதுக்கெண்டு காசு சேர்த்து வைச்சிருக்கிறன். டொலர் விலையை ரூபாயாக்கிப் பார்த்தால் நெஞ்சு இடிக்குது. அதால வேண்ட முதல் ஓடுமோ ஓடாதோ எண்டு வடிவாத் தெரிய வேணும். என்ர மெஷின்: ஐ5 8400, 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி, 240 ஜிபி எஸ்எஸ்டி ஒண்டு, 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒண்டு, விண்டோஸ் 10. மொனிட்டர் 1080பி.
நெட்டில ஒரு தளம் மெஷினைத் தானாப் பார்த்துப்போட்டு சிவப்பில 'ஏலாது' எண்டு காட்டுது. யூடியூபில இதே 1060ஐ வைச்சு ஒருத்தன் விளையாடிக்கொண்டிருக்கிறான். எதை நம்புறது?

பனங்காய்ப்பணியாரம்:
உதுக்கு ஒரு இழையோ? இறக்கிப் போட்டுப் பார் ராசா. ஓடினா விளையாடு, ஓடாட்டி அழி. நாங்கள் சின்னனில அப்பிடித்தான் செய்தனாங்கள்.

வடலி:
பணியாரம் அண்ணை, நீங்கள் சின்னனில இறக்கினது ஒரு சீடியில கொள்ளுற கேம். இது ஆகக் குறைஞ்சது 55 ஜிபி, நல்ல படத்தோட வேணுமெண்டால் 90 ஜிபி இடம் கேக்குது. எங்கட பக்கம் கனபேர் இன்னும் ரவுட்டருக்குள்ள சிம்மைப் போட்டு, இரவு டேட்டா எவ்வளவு மிச்சம் எண்டு எண்ணி எண்ணித்தான் இறக்கினம். 'இறக்கிப் பார்' எண்டுறது ஃபைபர் உள்ளவையின்ர புத்திமதி.

தம்பி குட்டி, நீங்கள் ஒரு கேள்வி கேக்கிறதா நினைக்கிறியள். உண்மையில அதுக்குள்ள ரெண்டு கேள்வி கிடக்கு. முதலாவது, கேம் வாசல் திறக்குமோ? ரெண்டாவது, திறந்தால் என்ன வேகத்தில ஓடும்? உந்தத் தளங்கள் ரெண்டையும் ஒண்டாக் குழைச்சுப்போட்டு ஏலும், ஏலாது எண்டு ஒரு சொல்லில முடிக்கிறதாலதான் குழப்பமே வருது. காட்டின்ர பெயரையும் சிபியூவின்ர பெயரையும் கேம் செய்தவை குடுத்த பட்டியலோட ஒப்பிடுறதுதான் அதின்ர வேலை. விளையாடிப் பார்த்துச் சொல்லுறதில்லை. உங்கட காட் பட்டியலில உள்ளதுக்குக் கீழ எண்டால் சிவப்பு, அவ்வளவுதான்.

வாசல் எண்டுறது நல்லூர்க் கோயில் மாதிரி. எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் ஆம்பிளை மேற்சட்டையோட உள்ளுக்குப் போகேலாது. அங்க ஆளின்ர பெலத்தை ஒருத்தரும் கேக்கிறேல்லை. சில கேமுக்கு ரே ட்ரேசிங் (வெளிச்சம் போற பாதையைக் கணக்குப் போட்டுக் கீறுறது) சில்லு காட்டுக்குள்ளேயே இருக்க வேணும். சிலதுக்கு மெஷ் ஷேடர் எண்டு காட்டில ஒரு புது வசதி வேணும். சிலதுக்கு சிபியூவில ஏவிஎக்ஸ்2 எண்ட கட்டளைத் தொகுதி வேணும், மூண்டாம் தலைமுறை ஐ7 எவ்வளவு நல்ல மெஷினா இருந்தாலும் அது இல்லை. பட்டில்ஃபீல்ட் 6 கேக்கிறது வேற: செக்கியூர் பூட்டும் (மெஷின் எழும்பேக்க நம்பகமான மென்பொருளை மட்டும் விடுறது) டிபிஎம் 2.0வும் (ரகசியச் சாவிகளைக் காக்கிற பாதுகாப்புப் பகுதி) ஒன் பண்ணியிருக்க வேணும். களவா விளையாடுறவையைப் பிடிக்கிற காவல் வேலைக்கு அது.

உங்களுக்கு நல்ல சேதி என்னெண்டால், இந்தக் கேமில ரே ட்ரேசிங்கே இல்லை. அதால 1060க்கு காட் பக்கத்தால வாசல் அடைபடேல்லை. பட்டியல் கேக்கிற ஆகக் குறைஞ்ச காட் ஆர்டிஎக்ஸ் 2060, அல்லாட்டில் ஆர்எக்ஸ் 5600 எக்ஸ்டி. உங்கட காட் அதுக்குக் கீழ. சிபியூ நூல் பிடிச்ச மாதிரிச் சரி, ஏனெண்டால் அவை போட்டிருக்கிற ஆகக் குறைஞ்ச சிபியூவே ஐ5 8400தான். ராம் 16 ஜிபி கேக்கினம், உங்களிட்ட பாதி.
இன்னொண்டு. அந்த 'ஆகக் குறைஞ்சது' எண்டுறது 1080பியில, எல்லாத்தையும் லோவில வைச்சு, விநாடிக்கு 30 ஃபிரேம். சுடுற கேமை 30இல விளையாடுறது எனக்கெண்டால் சரிவராது.

உரும்பிராய்_ராசா:
உந்த வாசல் கதை எனக்கு நல்லா விளங்குது. கனடாவில இருந்து மச்சான் வரேக்க ஜிடிஎக்ஸ் 1080 டிஐ கொண்டந்து தந்தவர். 11 ஜிபி, செங்கல் மாதிரிப் பாரம். ஆசையில டூம்: த டார்க் ஏஜஸ் வேண்டிப் போட்டால் தொடங்கவே மாட்டன் எண்டுது. சிநேகிதன்ர 2060 சூப்பரில அழகா ஓடுது. என்ர காட் அதை விடச் சோடை எண்டு ஒருத்தரும் சொல்லேலாது. இது என்ன நியாயம்?

வடலி:
நியாயம் இல்லைத்தான் ராசா, ஆனால் காரணம் இருக்கு. 1080 டிஐ 2017இல வந்தது. ரே ட்ரேசிங் சில்லு உள்ள ஆர்டிஎக்ஸ் 20 வரிசை 2018 செப்டெம்பரிலதான் வந்தது. ஏஎம்டி பக்கம் 2020இல, ஆர்எக்ஸ் 6000 வரிசையோட. முந்தி ரே ட்ரேசிங்கை வேண்டாமெண்டால் நிப்பாட்டி வைக்கலாம். டூமில வெளிச்சம் முழுக்க அதிலதான் கட்டியிருக்கு, நிப்பாட்ட ஒண்டுமில்லை. 2024 டிசெம்பரில வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும் அதே குணம். ரெண்டுக்கும் ஆகக் குறைஞ்சது 2060 சூப்பர் அல்லது ஆர்எக்ஸ் 6600. 1660 சூப்பர் வைச்சிருக்கிற பெடியளும் கவனம். அது 2019இல வந்த காட் எண்டாலும் உள்ளுக்கு அந்தச் சில்லு இல்லை.
ஸ்டீமில வேண்டி 14 நாளுக்குள்ள, விளையாடின நேரம் 2 மணித்தியாலத்துக்குக் குறைவெண்டால் காசைத் திருப்பிக் கேக்கலாம். கெதியாச் செய்யுங்கோ.

உரும்பிராய்_ராசா:
கேட்டாச்சு, தந்திட்டாங்கள். மச்சானுக்கு இன்னும் சொல்லேல்லை.

ஸ்ரான்லி_ரிப்பேர்:
கடையை இப்பதான் பூட்டினனான், அதால பிந்தி வாறன். ஒப்பிட முதல், உங்கட பெட்டிக்குள்ள உண்மையில என்ன கிடக்கெண்டு பாருங்கோ. வித்தவன் சொன்னதை நம்பாதேங்கோ. என்ர மேசைக்கு வாற மெஷினுகளில நான் அடிக்கடி காணுறதுகள்:

'ஐ5 மெஷின்' எண்டு வருவினம். என்ன ஐ5? ஐ5 2400உம் ஐ5, ஐ5 12400உம் ஐ5. நடுவில பத்துத் தலைமுறை. முழு எண்ணையும் சொல்லாட்டில் சிபியூவைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை எண்டு அர்த்தம்.

'8 ஜிபி கிராஃபிக்ஸ்' எண்டு வருவினம். டாஸ்க் மனேஜரில பெர்ஃபோமன்ஸுக்குப் போய் ஜிபியூவை அமத்துங்கோ. டெடிக்கேட்டட், ஷெயார்ட் எண்டு ரெண்டு கணக்குக் காட்டும். ஷெயார்ட் எண்டது ராமில இருந்து கடன் வேண்டுறது, காட்டின்ர சொந்த மெமரி இல்லை. டெடிக்கேட்டடை மட்டும் பாருங்கோ.

போலிக் காட்டும் கிடக்கு. பழைய ஜிடிஎஸ் 450க்கு 1050 டிஐ எண்டு பெயர் எழுதி விக்கிறாங்கள். விண்டோஸும் அந்தப் பெயரைத்தான் காட்டும். ஜிபியூ-இஸட் எண்ட சின்ன இலவச மென்பொருளைப் போட்டால், கண்டுபிடிச்சால் பெயருக்கு முன்னால ஃபேக் எண்டு போட்டுக் காட்டும். ஆர்எக்ஸ் 580 வேண்டுறவை அதிலயே ஷேடர் (காட்டுக்குள்ள கணக்குப் போடுற சின்னக் கூறு) எண்ணிக்கையையும் பாருங்கோ. 2304 எண்டால் முழு 580. 2048 எண்டால் பெயர் மட்டும்தான் 580, உள்ளுக்கு 570இன்ர பெலம்.

ராம் ஒரு துண்டோ ரெண்டு துண்டோ? பட்டில்ஃபீல்ட் பட்டியலில டுவல் சனல், அதாவது ரெண்டு துண்டாப் போடுறது, எண்டே போட்டிருக்கினம். குட்டி, உமக்கு 8 ஜிபி ஒரே துண்டெண்டால் இன்னொரு 8 ஜிபி துண்டு போட்டாலே கணக்குச் சரி. போர்டில ரெண்டு இடம் கட்டாயம் இருக்கும்.

கொக்குவில்_குட்டி:
ஓம் அண்ணை, ஒரே துண்டுதான். ஜிபியூ-இஸட் போட்டுப் பார்த்தனான், காட் உண்மையான 1060. செக்கியூர் பூட் ஒன்னோ எண்டு எங்க பாக்கிறது?

வடலி:
விண்டோஸ் பொத்தானோட ஆர் பொத்தானைச் சேர்த்து அமத்தி எம்எஸ்இன்ஃபோ32 எண்டு அடியுங்கோ. வாற பட்டியலில பயோஸ் மோட் எண்ட வரி யூஈஎஃப்ஐ (மெஷினை எழுப்புற புது முறை) எண்டு காட்டுதோ லெகசி (பழைய முறை) எண்டு காட்டுதோ, அதுக்குக் கீழ செக்கியூர் பூட் ஸ்டேட் என்ன காட்டுது எண்டு பாருங்கோ. டிபிஎம்முக்கு அதே மாதிரி டிபிஎம் புள்ளி எம்எஸ்சி எண்டு அடிச்சால் பதிப்பு 2.0வோ எண்டு காட்டும்.

கொக்குவில்_குட்டி:
லெகசி எண்டு கிடக்கு. டிபிஎம் இல்லவே இல்லையாம். இனி மதர்போர்டும் மாத்த வேணுமோ? அம்மா வீட்டை விட்டுக் கலைச்சுப்போடுவா.

ஸ்ரான்லி_ரிப்பேர்:
பதறாதையும். எட்டாந் தலைமுறை இன்டெல் மெஷினில டிபிஎம் உள்ளுக்கேயே வருது, பயோஸுக்குள்ள (மெஷின் எழும்பேக்க திறக்கிற செட்டிங்ஸ்) பிடிடி எண்ட பெயரில நித்திரையாக் கிடக்கும், எழுப்பிவிட்டால் சரி. உண்மையான கரைச்சல் லெகசிதான். விண்டோஸ் போட்டுத் தந்த ஆள் டிஸ்க்கைப் பழைய எம்பிஆர் முறையில பிரிச்சிருக்கிறார். செக்கியூர் பூட்டுக்குப் புது ஜிபிடி முறை வேணும்.

விண்டோஸைத் திருப்பிப் போடாமலே மாத்தலாம். எம்பிஆர்2ஜிபிடி எண்ட சாமான் விண்டோஸ் 10க்குள்ளேயே கிடக்கு. ஆனால் ஒழுங்கை மாத்திச் செய்யாதேயும். முதல் முக்கியமான ஃபைல் எல்லாம் வேற டிஸ்க்குக்கு. பிறகு மாத்தேலுமோ எண்டு வலிடேட் பண்ணிப் பார்க்கிறது. அது சரியெண்டு சொன்னால் கன்வேட், அதாவது மாத்துறது. அதுக்குப் பிறகுதான் பயோஸுக்குள்ள போய், பழைய முறையில எழுப்புற சிஎஸ்எம்மை நிப்பாட்டி, பிடிடியை ஒன் பண்ணி, செக்கியூர் பூட்டை ஒன் பண்ணுறது. டிஸ்க்கை மாத்த முதல் சிஎஸ்எம்மை நிப்பாட்டினால் விண்டோஸ் எழும்பாது. அப்பிடி எழும்பாமல் 'மெஷின் செத்துப்போச்சு' எண்டு கொண்டு வாறவை இந்தக் கேம் வந்தாப்பிறகு கூடிப்போச்சினம். நான் ஒரு நிமிசத்தில சிஎஸ்எம்மைத் திருப்பிப் போட்டுக் குடுக்கிறன். காசு வேண்ட வெக்கமாயும் கிடக்கு, வேண்டாமல் விடவும் மனமில்லை.

கொக்குவில்_குட்டி:
வலிடேட் ஃபெயில் எண்டுது அண்ணை.

ஸ்ரான்லி_ரிப்பேர்:
எஸ்எஸ்டியைச் சி, டி, ஈ எண்டு பிரிச்சிருக்கோ?

கொக்குவில்_குட்டி:
ஓம்! எப்பிடித் தெரியும்?

ஸ்ரான்லி_ரிப்பேர்:
எங்கட ஊரில டிஸ்க்கைத் துண்டு போடாமல் விண்டோஸ் போட்டால் வேலை செய்யேல்லை எண்டு நினைக்கிறவை கனபேர். 240 ஜிபியில மூண்டு காணி! விசயம் இதுதான்: அந்த மாத்துற சாமான் மூண்டு பிரைமரித் துண்டு வரைக்கும்தான் ஏற்கும், எக்ஸ்டெண்டட், லொஜிக்கல் எண்டு ஒண்டிருந்தாலே மாட்டன் எண்டும். விண்டோஸ் தனக்கெண்டு ஒளிச்சு வைச்சிருக்கிற சின்னத் துண்டு ஒண்டு, சி ஒண்டு, டி ஒண்டு, அதோட மூண்டு முடிஞ்சுது. நாலாவதா ஈயை உண்டாக்கேக்க அது லொஜிக்கலாப் போயிருக்கும். ஈயில உள்ளதைப் பெரிய ஹார்ட் டிஸ்க்குக்கு மாத்திப்போட்டு ஈயை அழியும், அதைச் சுத்தியிருக்கிற எக்ஸ்டெண்டடையும் அழியும். பிறகு திருப்பி வலிடேட் பண்ணிப் பாரும்.

நிலா_திருநெல்வேலி:
இடையில வாறதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ. கம்பஸ் வேலைக்கு எடுத்த லப்டொப்பில ஆர்டிஎக்ஸ் 3050 எண்டிருக்கு. அப்ப 2060ஐ விடப் புதுசுதானே, ஓடும்தானே?

வடலி:
தங்கச்சி, லப்டொப் 3050 எண்டால் பெரும்பாலும் 4 ஜிபி மெமரி. பெயரில எண் கூட எண்டதுக்காக 2060ஐ வெல்லாது. லப்டொப் காட்டில இன்னொரு சூக்குமம்: அதே 3050ஐ ஒரு கொம்பனி 35 வாட்ஸில ஓட்டும், இன்னொண்டு 80 வாட்ஸில. ரெண்டுக்கும் ஒரே பெயர். வாசல் உங்களுக்குப் பிரச்சினையில்லை, விண்டோஸ் 11ஓட வந்ததெண்டால் டிபிஎம், செக்கியூர் பூட் எல்லாம் ஏற்கெனவே இருக்கும். டெக்ஸ்சரை லோவில வைச்சு, சார்ஜரைச் செருகிக்கொண்டு விளையாடுங்கோ. பட்டரியில ஓட்டினால் பாதி வேகமும் வராது. சித்திரை வெயிலில மெத்தையில வைச்சு விளையாடாதேங்கோ, சூடேறினால் தானாவே வேகத்தைக் குறைச்சுப்போடும்.

தொண்டைமானாறு_உப்பு:
நான் கொழும்பில இருந்து வந்த பழைய ஒஃபிஸ் மெஷின் ஒண்டு வேண்டினனான். டெல் ஒப்டிபிளெக்ஸ் 9020, சின்னப் பெட்டி, ஐ7 4790. ஒரு காட் போட்டால் புதுக் கேமுகள் பாக்கலாமோ?

ஸ்ரான்லி_ரிப்பேர்:
அந்தச் சின்னப் பெட்டிக்குள்ள இருக்கிற பவர் சப்ளை 255 வாட்ஸ். போர்டுக்குப் போற வயரும் வழமையான 24 ஊசி இல்லை, 8 ஊசி. அதால கடையில விக்கிற சாதாரண பவர் சப்ளையை நேர மாத்தேலாது. காட்டும் பாதி உயரத்துக் காட்தான் கொள்ளும், சொக்கெற்றில இருந்து வாற 75 வாட்ஸுக்குள்ள அடங்க வேணும். ஆர்எக்ஸ் 6400 எண்டு ஆரும் ஏத்திவிட்டால் கவனம். அது நாலு லேனில (போர்டோட தரவு போய்வாற பாதை) ஓடுற காட், உங்கட பழைய போர்டில அதின்ர பாதை இன்னும் ஒடுங்கும்.
உங்களுக்கு எண்டே செய்த மாதிரி ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கிடக்கு. 70 வாட்ஸ், தனிக் கரண்ட் வயர் வேண்டாம், பாதி உயரத்திலயும் வருது.

வடலி:
அது சரி, ஆனால் முழுதாச் சொல்லுங்கோ அண்ணை. அந்த 3050 6 ஜிபியில ரே ட்ரேசிங் சில்லு இருக்கு, அதால ராசாவின்ர 1080 டிஐ நுழையேலாத வாசலுக்குள்ளயும் நுழையும். உள்ளுக்குப் போய் என்ன செய்யும்? 2060ஐ விடவே மெதுவான காட் அது. ராசாவுக்குப் பெலம் இருக்கு, வாசல் இல்லை. உப்புக்கு வாசல் இருக்கும், பெலம் காணாது. பட்டில்ஃபீல்ட் எண்டால் நாலாந் தலைமுறைப் போர்டில டிபிஎம் 2.0வும் பெரும்பாலும் இல்லை. உந்த மெஷினில காசைக் கொட்டுறதை விட, 2020க்கு முந்தின நல்ல கேமுகளை விளையாடலாம். ஒரு சீவியத்துக்குக் காணும்.

ஸ்ரான்லி_ரிப்பேர்:
நீர் உப்பிடித்தான் எல்லாரையும் 'வேண்டாம் வேண்டாம்' எண்டு கலைக்கிறது. பெடியனுக்கு ஆசை இருக்கு. காட்டை வேண்டினால் பிறகு வேற மெஷினுக்கும் போடலாம்தானே. நான் கடைக்காரன் எண்டதுக்காகச் சொல்லேல்லை.

வடலி:
கொஞ்சம் அதுக்காகவும்தான் 😄

பனங்காய்ப்பணியாரம்:
அப்ப 1060க்காரர் என்ன செய்யிறது? இவ்வளவு கதைச்சும் குட்டிக்கு மறுமொழி இல்லை. நான் முதலே சொன்னனான், போட்டுப் பார்க்க வேணும்.

வடலி:
போட்டுத்தான் பார்க்க வேணும், ஆனால் காசு குடுக்காமல். பட்டில்ஃபீல்ட் ரெட்செக் எண்டு 2025 ஒக்ரோபர் கடைசியில விட்டவை. அதே எஞ்சின், அதே செக்கியூர் பூட் நிபந்தனை, விலை இல்லை. வரைபடம் பெரிசு, சனம் கூட, அதால சிபியூவுக்கு வேலையும் கூட. அதில உங்களுக்குத் திருப்தியெண்டால் மற்றதைப் பயமில்லாமல் வேண்டலாம். பிளக் மித்: வூகொங்குக்கும் மொன்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸுக்கும் இதே மாதிரி இலவசமா, வேகத்தை அளந்து காட்டுற தனி பெஞ்ச்மார்க் விட்டிருக்கினம், ஸ்டீமில கிடக்கு. மொன்ஸ்டர் ஹன்டரின்ர பட்டியலை ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ: ஆகக் குறைஞ்சது 1080பி எண்டு போட்டு, 720பியில கீறி ஊதிப் பெருப்பிச்ச 1080பி, 30 ஃபிரேம் எண்டு அவையே சொல்லியிருக்கினம்.

கொக்குவில்_குட்டி:
எல்லாருக்கும் நன்றி. ஈயை அழிச்சுப்போட்டுச் செய்ய வலிடேட் சரிவந்திட்டுது. கன்வேட், சிஎஸ்எம், பிடிடி, செக்கியூர் பூட் எல்லாம் ரிப்பேர் அண்ணை சொன்ன ஒழுங்கில செய்தன். இப்ப எம்எஸ்இன்ஃபோவில ஒன் எண்டு காட்டுது.
பெரியப்பாவின்ர மகன் பட்டில்ஃபீல்ட் வைச்சிருக்கிறார், அவரிட்ட ரெட்செக்கும் இருந்தது. ஸ்டீமில ஒரே வைஃபைக்குள்ள ஒரு மெஷினில இருந்து மற்றதுக்கு மாத்துற வசதி இருக்கு. என்ர பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்க போய் மாத்தினன், டேட்டா பெரிசாச் செலவாகேல்லை.
8 ஜிபி ராமோட விக்கி விக்கித்தான் ஓடினது. அண்ணா தன்ர மெஷினில இருந்து ஒரு துண்டைக் கழட்டித் தந்தார், 16 ஆக்கினாப்பிறகு விக்கல் போட்டுது. எல்லாம் லோ, எஃப்எஸ்ஆர் (சின்னதாக் கீறிப் பெருப்பிக்கிற வசதி) போட்டு, ஒதுக்குப்புறத்தில 50க்குக் கிட்ட, சண்டை மூண்டால் 30களுக்கு விழுகுது. படம் கொஞ்சம் கலங்கல். எனக்கு இது காணும் போல கிடக்கு.

வடலி:
நல்லது. ஒண்டை மட்டும் மனதில வைச்சிரும். 10 வரிசைக் காட்டுகளுக்குப் புதுக் கேமுக்கான டிரைவர் விடுறதை என்விடியா 2025 ஒக்ரோபரோட நிப்பாட்டிப்போட்டுது. 2028 ஒக்ரோபர் வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான் வரும். விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதி முடிஞ்சுது. உமக்கு எட்டாந் தலைமுறை, டிபிஎம்மும் எழும்பிட்டுது, அதால 11க்குப் போகலாம். இப்ப ராமை வேண்டும். காட்டைப் பிறகு பாப்பம், அதுவும் பாவிச்சதெண்டால் 2060 சூப்பருக்குக் கீழ இறங்காதையும்.

ஸ்ரான்லி_ரிப்பேர்:
காட்டுக்கு முதல் பவர் சப்ளை. உம்மட பெட்டிக்குள்ள இருக்கிறது என்ன பெயர்?

கொக்குவில்_குட்டி:
பெயர் ஒண்டும் இல்லை அண்ணை. 450 எண்டு ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிக் கிடக்கு.

ஸ்ரான்லி_ரிப்பேர்:
ஸ்டிக்கரில 12 வோல்ட் எண்ட வரியில எத்தினை அம்பியர் எண்டு பார்த்து எழுதும். அதை 12ஆல பெருக்கினால் வாறதுதான் அதின்ர உண்மையான பெலம், 450 எண்டது அலங்காரம். 2060 சூப்பர் தனியவே 175 வாட்ஸ் இழுக்கும். யூபிஎஸ்ஸில செருகியிருந்தால் அதின்ர பின்பக்கத்தையும் பாரும், விஏ வேற வாட்ஸ் வேற. கரண்ட் போற நேரம் பெரிய காட்டோட சின்ன யூபிஎஸ் கத்திப்போட்டு உடன படுத்திடும்.

கொக்குவில்_குட்டி:
17 அம்பியர் எண்டு கிடக்கு.

ஸ்ரான்லி_ரிப்பேர்:
204 வாட்ஸ். காட்டுக் காசில கொஞ்சத்தை முதல் பவர் சப்ளைக்கு ஒதுக்கும். 550 வாட்ஸ், 80 பிளஸ் (கரண்டை வீணாக்காததுக்கான) முத்திரை உள்ளதா எடும். எந்தக் கடையில எடுத்தாலும் பரவாயில்லை, மொடல் எண்ணை இஞ்ச போட்டிட்டுக் காசைக் குடும்.